சட்டம் இருந்தும் பருந்துகள் ஏன் காணாமல் போகின்றன?

லீட்ஸில் படிக்க வந்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருந்த கேள்விக்குத்தான் இந்தப் பதில். ஆகஸ்டில் யார்க்‌ஷயர் மலைப்பக்கம் நடக்கப் போனாராம். கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூ, இடையிடையே கல்லும் புல்கட்டியும் அடுக்கிய சின்னச் சின்னப் பதுங்கு மேடைகள், கூண்டுக்குள் உயிரோடு ஒரு காகம், 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை. திரும்பி வந்தால் பல்கலைக்கழக வாசலில் இரண்டு பேர் துண்டுப் பிரசுரம் கொடுத்து, இரைகொல்லிப் பறவைகளைக் காப்பாற்ற வேட்டையை ஒழுங்குபடுத்த வேண்டும், நாடாளுமன்ற மனுவில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம். "வேட்டை இங்கே சட்டப்படி சரி. பருந்தைக் கொல்வது ஏற்கெனவே குற்றம். அப்புறம் எதற்கு இந்த இயக்கம்? வேண்டுமென்றால் வேட்டையை ஒரேயடியாகத் தடை செய்யச் சொல்ல வேண்டியதுதானே? வெளிநாட்டு மாணவன் நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 70 ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும் குற்றம் நிற்கவில்லை என்றால், இன்னொரு சட்டம் வந்து என்ன கிழித்துவிடும்?

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பறவைச் சூழலியல் படித்தவன். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியிலும் இரைகொல்லிப் பறவைகளின் கூடுகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். வழக்கறிஞர் இல்லை, சட்டம் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரு களப்பணியாளன் புரிந்துகொண்ட அளவுக்குத்தான்.

நீங்கள் பார்த்த ஊதா வெளி இயற்கையாக அப்படி இருப்பதில்லை. ஹெதர் என்ற குற்றுச்செடி படர்ந்த அந்த மேட்டு வெளிக்கு மூர் என்று பெயர். அதைப் பட்டை பட்டையாக, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று முறை வைத்து எரிப்பார்கள். எரித்த இடத்தில் துளிர்க்கும் இளந்தளிர் சிவப்புக் கிரவுஸுக்குச் சாப்பாடு; எரிக்காத பழைய புதர் அது கூடுகட்டி ஒளிய இடம். கிரவுஸ் என்பது நம்மூர்க் கௌதாரியைவிடக் கொஞ்சம் பெரிய, செம்பழுப்பு நிறக் காட்டுப் பறவை. பண்ணையில் வளர்த்து விடுவதில்லை. அதனால் எண்ணிக்கையை உயர்த்த ஒரே வழி, நிலத்தையே அதற்காக வளைப்பது. நரி, கீரியைப் போன்ற ஸ்டோட், காகம் எல்லாம் சட்டப்படியே கொல்லப்படும். நீங்கள் பார்த்த கூண்டுக் காகம், மற்ற காகங்களை இழுக்க வைத்த இரை. அதற்குத் தீனி, தண்ணீர், நிழல் வைத்து நாள்தோறும் வந்து பார்த்தால் அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். கதவைத் திறந்துவிடத் தோன்றும், செய்யாதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்களாகத்தான் இருக்கும். பாதையோரம் சிறு குவியலாகவோ பெட்டியிலோ மணற்கல் கிடந்திருந்தால், அது கிரவுஸின் குடல் புழுவுக்கான மருந்து பூசிய கல். அரைவைப்பைக்காகப் பறவை கல்லை விழுங்கும்போது மருந்தும் உள்ளே போகும்.

இவ்வளவும் எதற்கென்றால் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரையிலான சீசனுக்காக. சுடுபவர் எட்டு ஒன்பது பேர் அந்தப் பதுங்கு மேடைகளில் வரிசையாக நிற்பார்கள். எதிர்ப்பக்கமிருந்து இருபது முப்பது பேர், உரச்சாக்கைக் கிழித்துக் கம்பில் கட்டிய கொடியை ஆட்டிக்கொண்டு பறவைகளை விரட்டி வருவார்கள். தரையை ஒட்டி அசுர வேகத்தில் வரும் பறவையைச் சுட வேண்டும். இந்த 'விரட்டிச் சுடும்' முறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கான பவுண்டு வாங்குகிறார்கள். நாயோடு நடந்து போய் ஒன்றிரண்டு பறவை சுடுவதற்குக் குறைந்த அடர்த்தி போதும். விரட்டிச் சுட அப்படி இல்லை. இயற்கையில் ஒருபோதும் இருக்காத அளவுக்குக் கிரவுஸ் நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அப்படிப்பட்ட அடர்த்தியில் ஒரு பருந்து சாப்பிடும் ஒவ்வொரு குஞ்சும் வேட்டை நிலத்தை நடத்தும் எஸ்டேட்டின் கணக்கில் நஷ்டம்.

அந்தப் பருந்துகளில் முக்கியமானது ஹென் ஹாரியர். குளிர்காலத்தில் நம்மூர்க் கரிசல் காட்டுக்கு வரும் பூனைப்பருந்தின் நெருங்கிய உறவு. ஆண் வெள்ளிச் சாம்பல் நிறம், பெண் பழுப்பு. கூடு தரையில், ஹெதர் புதருக்குள். இரை பிடித்து வரும் ஆண் கூட்டுக்குப் போகாது. மேலே வந்து குரல் கொடுக்கும். பெண் புதரிலிருந்து எழும்பி, அந்தரத்தில் மல்லாந்து, அது நழுவவிடும் எலியைக் காலால் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்தப் பெண் எங்கே இறங்குகிறது என்று கண் எடுக்காமல் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் கூடு கண்டுபிடிக்கும் வழி. எங்களுக்கும் அதே வழி, அதை அழிக்க நினைப்பவருக்கும் அதே வழி.

ஹாரியர் கிரவுஸை ஒன்றும் செய்யாது என்று சில ஆர்வலர்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஸ்காட்லாந்தின் தெற்கெல்லையில் லாங்கம் என்ற ஊருக்கு அருகே 1992 முதல் 1997 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பருந்துகளை யாரும் தொடக்கூடாது, என்ன ஆகிறது பார்ப்போம் என்று எஸ்டேட் உட்பட எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட ஆய்வு. 2 ஆக இருந்த ஹாரியர் கூடுகள் 20 ஆகின. கோடையில் கிரவுஸ் குஞ்சுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவை தின்றன. சுடுவதற்குப் போதுமான பறவை இல்லாமல் வேட்டையே நின்றது. கேம்கீப்பர்கள், அதாவது எஸ்டேட் சம்பளத்தில் நிலத்தையும் பறவையையும் பார்த்துக்கொள்பவர்கள், பின்னால் வேலையிழந்தார்கள். நாடெங்கும் இருக்கும் கீப்பர்கள் இதிலிருந்து படித்த பாடம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் லாங்கம் கதையில் இரு தரப்பும் வசதியாக மறந்துவிடும் பகுதிகள் உண்டு. கீப்பர்கள் போன பிறகு நரி பெருகி, தரையில் கூடுகட்டும் ஹாரியரும் குறைந்தது. இதை என் பக்கத்து ஆட்கள் சொல்ல மாட்டார்கள். 1998, 1999 ஆண்டுகளில் கூட்டுக்கு அருகே கம்பம் நட்டு, செத்த வெள்ளெலியையும் கோழிக்குஞ்சையும் இரையாக வைத்துப் பார்த்தபோது ஹாரியர் கொண்டுபோன கிரவுஸ் குஞ்சுகள் 86 சதவீதம் குறைந்தன. இதை எஸ்டேட் பக்கம் சொல்ல மாட்டார்கள். கொல்லாமல் நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தது, இருக்கிறது. கடைசியில் அந்த மூர் நிலத்தின் பெரும்பகுதியை 2021, 2022ல் ஊர் மக்களே நிதி திரட்டி விலைக்கு வாங்கி இயற்கைக் காப்பிடமாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பிரிட்டனில் 1954ல் வந்த பறவைப் பாதுகாப்புச் சட்டமே இரைகொல்லிப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் காத்தது. 1981ல் வந்த வனவிலங்குச் சட்டம் அதை இறுக்கியது. கம்பத்தின் உச்சியில் இரும்புப் பொறி வைத்துப் பருந்தின் காலை நசுக்கும் முறை 1904லேயே தடை செய்யப்பட்டது. விஷத்தில் அதிகம் அகப்படுவது கார்போஃபியூரான், நம் விவசாயிகளுக்கு ஃபியூரடான் என்ற பெயரில் தெரிந்த அதே குருணை. அதை அங்கே 2001ல் தடை செய்துவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் செத்த முயலின் மேல் அந்தக் குருணையைத் தூவி வைத்த இடங்கள் இன்றுவரை கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆக, சட்டப் புத்தகத்தில் குறை இல்லை. குறை சாட்சியில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் தனியார் நிலம். விடியற்காலை. துப்பாக்கி வைத்துக்கொள்ள முழு உரிமையுள்ள ஒரே ஆள் அங்கே கீப்பர்தான். சுட்ட பறவையை மண்ணில் புதைக்க ஐந்து நிமிடம் போதும். பார்த்தவர் யாரும் இல்லை, உடல் இல்லை, வழக்கு எங்கிருந்து வரும்? 2013ல் ஸ்காட்லாந்தில் ஒரு ஹாரியர் சுடப்படும் காட்சி ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் கேமராவில் பதிவாயிற்று. நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் சாட்சி தேடுவதற்காகவே வைத்த கேமரா, அதனால் நீதிமன்றத்தில் செல்லாது என்று சொல்லி 2017ல் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. பிரிட்டனில் இரைகொல்லிப் பறவையைக் கொன்றதற்காக ஒரு கேம்கீப்பர் முதன்முதலாகச் சிறைக்குப் போனது 2015 ஜனவரியில்தான். 1954ல் வந்த சட்டம், 2015ல் முதல் சிறை. சரி, அதற்கு முன் யாரும் கொல்லவில்லை என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

கொலை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் வேறு வழியில் வந்தது. பறக்கத் தயாராகும் குஞ்சின் முதுகில் பத்து கிராம் அளவில் ஒரு செயற்கைக்கோள் கருவியை, மெல்லிய நாடாவால் பையை மாட்டுவதுபோல மாட்டி விடுவார்கள். சூரிய ஒளியில் இயங்கும். பறவை பசியிலோ நோயிலோ செத்தால் கருவி தரையில் கிடந்தபடியே தொடர்ந்து சிக்னல் அனுப்பும். திரையில் புள்ளிகள் ஒரே இடத்தில் குவியும். போய்த் தேடினால் உடல் கிடைக்கும். கிடைத்த உடலை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காரணம் கண்டுபிடிப்போம். கருவி பழுதானால் பெரும்பாலும் பேட்டரி அளவு தாறுமாறாவது போன்ற அறிகுறி முன்பே தெரியும். ஆனால் பேட்டரி முழுதாக இருக்கும் கருவி, நேற்று வரை ஒழுங்காகப் பேசிய கருவி, ஒரு மூர் நிலத்தின் மேல் திடீரென்று ஊமையானால், தேடிப் போனாலும் உடலோ கருவியோ எதுவும் கிடைக்காவிட்டால், யாரோ அதை எடுத்து அழித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கஷ்டம்.

ஒரு பறவையை வைத்து இதைச் சொன்னால் ஊகம். நூறு பறவையில் இதே மாதிரி இருந்தால்? 2004 முதல் 2016 வரை ஸ்காட்லாந்தில் கருவி மாட்டிய 131 இளம் தங்கக் கழுகுகளில் 41 இப்படிச் சந்தேகத்துக்கிடமாக மறைந்தன என்று அரசு கேட்டுச் செய்த ஆய்வு 2017ல் சொன்னது. ஹாரியர்களைப் பற்றி 2019ல் வெளியான ஆய்வு 58 பறவைகளின் தடத்தைப் பார்த்தது. அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி, அல்லது பெரும்பாலும் அப்படித்தான் என்பது முடிவு. கிரவுஸ் மூர் நிறைந்த இடங்களில் ஹாரியர் சாவதற்கோ மறைவதற்கோ உள்ள வாய்ப்பு மற்ற இடங்களைவிட 10 மடங்கு. இங்கிலாந்தின் மலைநிலத்தில் 300 ஜோடிக்கு மேல் வாழ இடமிருந்தும் 2013ல் ஒரு கூட்டிலிருந்துகூடக் குஞ்சு பறக்கவில்லை. இவையெல்லாம் உறுதியான பகுதி. எந்த எஸ்டேட்டில் எந்த ஆள் என்பதை இந்தப் புள்ளிவிவரம் சொல்லாது. நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவதோ அதுதான்.

இங்கேதான் உரிமம் என்ற யோசனை நுழைகிறது. டிரைவர் தப்பு செய்தால் டிரைவருக்கு அபராதம் போடுவது ஒரு முறை; முதலாளி அந்த அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பார். பஸ்ஸின் பெர்மிட்டையே ரத்து செய்வோம் என்றால் முதலாளியே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். இதுவரை நடந்தது முதல் வகை. கீப்பருக்குத் தண்டனை, எஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தில் 2012லிருந்து, வேலையாள் செய்த குற்றத்துக்கு நில உரிமையாளரும் பொறுப்பு என்று ஒரு பிரிவு வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் முதலில் வேலையாளின் குற்றத்தை நிரூபித்தாக வேண்டுமே! பழைய முட்டுச்சந்துதான்.

நீங்கள் நினைப்பதைவிட இங்கே வேட்டைக்குக் கட்டுப்பாடு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 2007 வரை இங்கிலாந்தில் வேட்டைப் பறவை சுடுபவர் தபால் நிலையத்தில் 6 பவுண்டு கட்டி ஒரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். துப்பாக்கிக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும், சீசன் தேதியை மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியில் வேட்டையாடத் தனித் தேர்வே எழுதித் தேற வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையே கிட்டத்தட்ட முடிந்துபோன இந்தியாவிலிருந்து வருகிற நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

தடையா, உரிமமா என்பதில் இயக்கத்துக்குள்ளேயே பிளவு உண்டு. ஆர்எஸ்பிபியில் பாதுகாப்புப் பிரிவின் இயக்குநராக இருந்து வெளியேறிய மார்க் ஏவரி, விரட்டிச் சுடுவதைத் தடை செய்யக் கோரி நடத்திய மனுவில் 2016ல் 1,23,077 பேர் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 31 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. வேட்டைக்கு ஆதரவாகப் பேசியவர்களே அதிகம், அரசு மறுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2014 ஆகஸ்டில், கொட்டும் மழையில் டெர்வென்ட் அணை அருகே நூற்றுக்கணக்கானோர் கூடி முதல் 'ஹென் ஹாரியர் நாள்' நடத்தினார்கள். 2019ல் ஏவரி, தொலைக்காட்சியில் பிரபலமான கிறிஸ் பாக்கம், இரைகொல்லிப் பறவை ஆய்வாளர் ரூத் டிங்கே மூவரும் சேர்ந்து 'வைல்டு ஜஸ்டிஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இவர்களின் நிலைப்பாடு தடை. ஆர்எஸ்பிபி வேறு பாதை. அரச சாசனத்தின்படி இயங்கும் சங்கம் அது. முறையான வேட்டை விளையாட்டில், தன் நோக்கத்தைப் பாதித்தாலன்றித் தலையிடக் கூடாது என்று அந்தச் சாசனத்திலேயே இருக்கிறது. அதனால் அவர்கள் 2020ல் உரிமம் வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். தடை கேட்பவர்கள் உரிமம் கேட்பவர்களைக் கோழை என்பதும், இவர்கள் அவர்களைக் கனவு காண்பவர்கள் என்பதும் உண்டு. என்னைக் கேட்டால், தடை கேட்பவர்கள் சத்தம் போட்டதால்தான் உரிமம் நடுநிலையான கோரிக்கையாகத் தெரிய ஆரம்பித்தது.

ஸ்காட்லாந்தில் அது நடந்தேவிட்டது. தங்கக் கழுகு ஆய்வைத் தொடர்ந்து ஆலன் வெரிட்டி என்ற புவியியல் பேராசிரியர் தலைமையில் குழு போட்டார்கள். ஐந்து ஆண்டு பார்ப்போம், திருந்தாவிட்டால் உரிமம் என்று 2019 டிசம்பரில் அறிக்கை சொன்னது. ஐந்து ஆண்டு காத்திருக்க முடியாது என்று 2020லேயே அரசு முடிவெடுத்தது. 2024 மார்ச்சில் சட்டம் நிறைவேறி, அந்த ஆகஸ்ட் சீசனிலிருந்து உரிமம் இல்லாமல் அங்கே கிரவுஸ் சுடக் கூடாது. சட்டத்தின் உயிர்நாடி ஒரு வரியில் இருக்கிறது. உரிமத்தை நிறுத்திவைக்க நீதிமன்றத் தண்டனை தேவையில்லை. நிலத்தை நிர்வகிப்பவர்கள் குற்றம் செய்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நேச்சர்ஸ்காட் என்ற அரசு முகமைக்குத் தோன்றினால் போதும். சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் என்ற உயரமான வேலிக்குப் பதில், சிவில் வழக்கில் கேட்கும் அளவு. அநியாயமாகப் பறித்தால் ஷெரீஃப் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 2024 நவம்பரில், எஸ்டேட் தரப்பின் சட்ட ஆட்சேபத்துக்குப் பிறகு நேச்சர்ஸ்காட் உரிமத்தின் எல்லையைச் சுருக்கியது. முழு எஸ்டேட்டுக்கும் என்றிருந்தது, கிரவுஸ் உண்மையில் சுடப்படும் பகுதிக்கு மட்டும் என்றாயிற்று. அப்படியானால் கோட்டுக்கு வெளியே பக்கத்துக் காட்டில் விஷம் வைத்தால்? சட்டத்தையே திருத்தினால்தான் இந்த ஓட்டை அடைபடும் என்ற நிலை ஏற்பட்டது. உரிமத்தால் கொலைகள் குறைகின்றனவா என்பதை இப்போதே யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஓரிரு சீசன் போதாது. இங்கிலாந்திலோ உரிமமும் இல்லை. 2025 ஜூனில் இன்னொரு மனு 1,00,000 கையெழுத்தைத் தாண்டி விவாதத்துக்கு வந்தபோது, தடை செய்யும் எண்ணம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது.

கிரவுஸை மட்டும் பேசிவிட்டேன். எண்ணிக்கையில் பெரிய விவகாரம் சமவெளியில் சுடப்படும் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையும் செங்கால் கௌதாரியும். இரண்டும் அந்த மண்ணின் பறவை அல்ல. ஆண்டுதோறும் 3 கோடிக்கு மேல் ஃபெசன்ட்டுகளைப் பண்ணையில் வளர்த்துத் திறந்துவிடுகிறார்கள். சுடப்படுவது பாதிகூட இல்லை. மிச்சம் நரி வாய்க்கும் கார் சக்கரத்துக்கும். இப்படி இலவசச் சாப்பாடு போட்டுவிட்டு, பஸார்டு என்ற பருந்து வந்து தின்கிறது என்று புகார்! 2016ல் ஃபெசன்ட் பட்டிகளைக் காக்க 10 பஸார்டு வரை கொல்ல அரசு முகமையே உரிமம் கொடுத்த கூத்தும் நடந்தது. இந்தப் பக்கம் இயக்கம் ஜெயித்தது தெருவில் அல்ல, நீதிமன்ற வாசலில். வைல்டு ஜஸ்டிஸ் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில், 2020ல் அரசு இறங்கி வந்து, முக்கியமான காப்பிடங்களிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டரிலும் இப்பறவைகளைத் திறந்துவிட உரிமம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஹாரியர் 2016ல் 4 ஜோடி, 2023ல் 50. நல்ல ஏற்றம். காரணம் யார் என்பதில்தான் சண்டை. 2018ல் ஒரு சோதனைத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. கிரவுஸ் மூரில் 10 கிலோமீட்டருக்குள் இரண்டு கூடு இருந்தால், ஒன்றின் முட்டையையோ குஞ்சையோ எடுத்து வளர்த்து, பறக்கும் வயதில் திரும்ப விடுவது. இதனால்தான் கீப்பர்கள் ஹாரியரைச் சகித்தார்கள் என்கிறது வேட்டைத் தரப்பு. சோதனை நடக்கும்போது கூட்டில் கைவைத்தால் மானம் போகும் என்று அடங்கினார்கள், கருவி மாட்டிய பறவைகள் அப்போதும் மறைந்துகொண்டேதான் இருந்தன என்கிறது எதிர்த்தரப்பு. 2024ல் வெற்றிபெற்ற கூடுகள் 36லிருந்து 25 ஆகக் குறைந்தன. 2025ல் திட்டமே நின்றது. எனக்கு இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது, பிரித்துக் காட்டத் தரவு போதாது.

கீப்பர்கள் போனால் தரையில் கூடுகட்டும் மற்ற பறவைகள் என்ன ஆகும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நார்தம்பர்லாந்தில் ஆட்டர்பர்ன் பகுதியில் 2000 முதல் 2008 வரை நடந்த சோதனையில், நரியையும் காகத்தையும் கட்டுப்படுத்திய இடங்களில் நீண்டு வளைந்த அலகுள்ள கர்லூ, நம் ஆள்காட்டியின் உறவான லேப்விங் ஆகியவற்றின் குஞ்சு பொரிப்பு வெற்றி சுமார் மூன்று மடங்கானது. செய்தது வேட்டைத் தரப்பு ஆய்வு நிறுவனம்தான் என்றாலும் ஆய்வு முறையில் பழுதில்லை. நரியைக் கட்டுப்படுத்துவது வேறு, ஹாரியரைச் சுடுவது வேறு, ஒன்றுக்காக மற்றதை ஏற்க வேண்டியதில்லை என்பது என் பதில். வேலைவாய்ப்புக் கணக்கு, கரிமண் நிலத்தை எரிப்பதன் கேடு ஆகியவை தனித்தனி விவாதங்கள், இங்கே இழுத்தால் முடியாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. போடலாம். நாடாளுமன்ற மனுவில் கையெழுத்திட பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை; அங்கே வசித்தால் போதும், மாணவர் விசா தடையில்லை. 10,000 தாண்டினால் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும், 1,00,000 தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அதைவிடப் பலன் தருவது உங்கள் தொகுதி எம்பிக்கு ஒரு கடிதம். காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இந்திய, இலங்கை மாணவர்கள் அங்கே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது நம்மவர் பலருக்கே தெரியாது. நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லை, வாக்காளர் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். தடை வேண்டுமா, ஸ்காட்லாந்து மாதிரி உரிமம் வேண்டுமா என்பதையும் குறிப்பிடுங்கள். மொட்டையாக 'பருந்தைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால், சட்டம் ஏற்கெனவே காப்பாற்றுகிறது என்ற அச்சடித்த பதில்தான் வரும்.

அடுத்த முறை மூர் பக்கம் போகும்போது செத்த பருந்தோ, அதன் அருகே செத்த முயலோ புறாவோ கண்ணில் பட்டால் தயவுசெய்து தொடாதீர்கள். ஃபியூரடான் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கூட நாயோ குழந்தையோ இருந்தால் தள்ளி நிறுத்துங்கள். அருகில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ அளவுக்கு வைத்து, உடலையும் சுற்றுப்புறத்தையும் படமெடுங்கள். வரைபடப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் விசாரிக்கப் போகாதீர்கள். போலீஸின் 101 எண்ணுக்குப் போன் செய்து வனவிலங்குக் குற்றம் என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் யாரும் அதை எடுத்துப் புதைத்துவிடக் கூடாதென்று தோன்றினால், மேலே கொஞ்சம் ஹெதர் கிளையைப் போட்டு மூடி வைப்பதில் தப்பில்லை, கையுறையோடு. காகக் கூண்டில் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை என்றால் அதையும் படமெடுத்து அதே எண்ணில் சொல்லலாம்; அந்தக் கூண்டில் ஏதாவது எண் போட்டிருந்தால் அதையும் படத்தில் விழும்படி எடுப்பது முக்கியம்.